ஆறரை கிராம் விமானம்

ஷார்ட் 184 என்ற கடல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 19.36 மீட்டர். மூக்கிலிருந்து வால்வரை 12.38 மீட்டர். மாதிரி செய்பவர்கள் பரவலாகக் கையாளும் அளவு 72-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் இறக்கை 26.9 செ.மீ., நீளம் 17.2 செ.மீ. ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும். எல்லா அளவையும் 72-ஆல் வகுத்தால் போதும், மிச்சமெல்லாம் கைத்திறன் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் நினைப்பது இயல்பு. எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நினைப்பு மாறும்.

முழுச் சுமையோடு அந்த விமானம் 2,433 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் 72 மடங்கு சுருங்கும்போது கன அளவு 72 × 72 × 72, அதாவது 3,73,248 மடங்கு சுருங்கும். எடையும் அதே கணக்கில் இறங்கவேண்டும். வகுத்தால் விடை ஆறரை கிராம். எஞ்சின், எரிபொருள், இரண்டு ஆட்கள், மிதவைகள், கம்பிகள் எல்லாம் சேர்த்து ஆறரை கிராம்தான்.

கண்ணாடி அலமாரியில் நிறுத்தும் மாதிரிக்கு இந்த எண் ஒரு பொருட்டில்லை. தண்ணீரில் விடும் மாதிரிக்கு இதுதான் எல்லாம். கடல் விமானம் தன் ஆயுளில் பெரும்பகுதியைப் படகாகக் கழிக்கிறது. அலையில் ஆடி, கயிற்றில் கட்டுண்டு, கப்பலின் பாரந்தூக்கியில் ஏறி இறங்கி, நடுவில் கொஞ்ச நேரம் பறக்கிறது. எந்த நீர்க்கோட்டில் அது மிதந்தது என்று சோதித்துப் பார்க்காமல் செய்த மாதிரி எனக்கு முழுமையாகத் தோன்றுவதில்லை.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவை வளர்த்தெடுத்த மரே சூட்டர், டார்பிடோவைச் சுமந்துபோய்க் கப்பலைத் தாக்கக்கூடிய விமானம் ஒன்று வேண்டும் என்றார். ஷார்ட் சகோதரர்களில் மூத்தவரான ஹொரேஸ் ஷார்ட் அதை வடிவமைத்தார். முதல் விமானத்துக்குக் கடற்படை கொடுத்த பதிவெண் 184. அதுவே அந்த வகைக்குப் பெயராக நின்றுவிட்டது. மரச்சட்டம், அதன்மேல் லினன் துணி, இரண்டடுக்கு இறக்கை, 225 குதிரைத்திறன் கொண்ட சன்பீம் எஞ்சின். எஞ்சினுக்குமேல், மேலிறக்கைக்கு முன்னால், ஒரு பெட்டியைப் போல நிமிர்ந்து நிற்கும் ரேடியேட்டர். இதன் நிழலுருவை வேறெந்த விமானத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாது. இறக்கைகளைப் பின்னோக்கி மடித்துக் கப்பலின் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். போர் முடிவதற்குள் பல நிறுவனங்கள் சேர்ந்து 900-க்கும் மேற்பட்டவற்றைக் கட்டின.

1915 ஆகஸ்ட் 12. ஐல் ஆஃப் மேன் பயணிகள் கப்பலாக இருந்து போர்க்கோலம் பூண்ட பென்-மை-க்ரீ, கலிப்போலித் தீபகற்பத்துக்கு வடக்கே இருந்த வளைகுடாவில் நின்றது. அதிலிருந்து இறக்கப்பட்ட ஷார்ட் 184-இல் சார்ல்ஸ் எட்மண்ட்ஸ் கிளம்பினார். மார்மரா கடலில் நின்ற துருக்கியச் சரக்குக் கப்பல் ஒன்றை நோக்கி, நீர்மட்டத்துக்குச் சுமார் 15 அடி உயரத்தில் இறங்கி, டார்பிடோவை விட்டார். அது கப்பலில் பட்டு வெடித்தது. பறக்கும் விமானத்திலிருந்து விட்ட டார்பிடோ ஒரு கப்பலைத் தாக்கியது வரலாற்றில் அதுதான் முதல் முறை. அந்தக் கப்பல் ஏற்கெனவே பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்றால் அடிபட்டுக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மாதிரி செய்பவருக்கு இன்னொரு செய்தி முக்கியம்: அன்று எட்மண்ட்ஸ் தனியாகப் போனார். பின்னிருக்கையில் ஆள் இல்லை. எரிபொருளும் குறைவு. அந்த டார்பிடோவின் எடை 367 கிலோ. விமானத்தின் முழு எடையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல். அதைத் தூக்க வேறு ஏதாவது ஒன்றை இறக்கியே ஆகவேண்டும்.

நம் மாதிரியில் அந்த டார்பிடோ ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அசலின் விட்டம் 14 அங்குலம், நமக்கு 4.9 மி.மீ. இதைச் செய்ய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கம்பி பொருத்தமானது. நீருக்குள் ஓடவேண்டிய ஆயுதம் என்பதால் டார்பிடோவின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே இருந்தாகவேண்டும். பாலிஸ்டைரீனும் நீரைவிட ஏறத்தாழ 5 சதவீதம்தான் அதிக அடர்த்தி கொண்டது. வடிவம் சரியாக வந்தால் எடையும் தானாகச் சரியாகிவிடும். முழு விமானத்திலும் பிளாஸ்டிக்குக்கு இப்படி இடம் கொடுக்கும் உறுப்பு வேறில்லை.

இறக்கைகளைப் பாருங்கள். அசலில் இரண்டு அடுக்கும் சேர்ந்து 63.9 சதுர மீட்டர். பரப்பு 72 × 72 மடங்கு, அதாவது 5,184 மடங்கு சுருங்கும். மாதிரியில் 123 சதுர செ.மீ. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தகட்டில் இவற்றை வெட்டினால் ஏறக்குறைய 13 கிராம் வரும். முழு விமானத்துக்கும் நமக்குக் கிடைத்த ஒதுக்கீட்டைப் போல இரண்டு மடங்கு. இன்னும் உடல் இல்லை, எஞ்சின் இல்லை, மிதவை இல்லை. தண்ணீரில் வைத்த மறுகணம் மூழ்கும். 0.8 மி.மீ. பால்சா மரத்தகட்டில் வெட்டினால் ஒன்றரை கிராம் ஆகும். அதையும்விட இலேசான வழி, மெல்லிய பால்சாக் கீற்றுகளால் இறக்கையின் விலா எலும்புகளைக் கட்டி, மேலும் கீழும் டிஷ்யூ தாளை ஒட்டுவது. சதுர மீட்டருக்கு 12 கிராம் எடையுள்ள தாள் என்றால் அத்தனை பரப்பையும் போர்த்த மூன்றில் ஒரு பங்கு கிராம்கூட ஆகாது.

எடையைத் துரத்திக்கொண்டே போகிறவர் கடைசியில் ஹொரேஸ் ஷார்ட் கட்டிய வழியிலேயே கட்டத் தொடங்குகிறார். இது தற்செயல் இல்லை. அவருடைய இறக்கையும் பெரும்பாலும் காற்றுதான். விலா எலும்பும் போர்வையும் மட்டுமே பொருள். உள்ளே வெறும் இடம். கெட்டியான தகடு அந்த வெறும் இடத்தையும் பொருளால் நிரப்பிவிடுகிறது. வெளியுருவம் ஒன்றாக இருந்தும் எடை ஒத்துப்போகாததற்குக் காரணம் அதுதான். உள்ளமைப்பையும் சேர்த்துச் சுருக்கினால்தான் எடையும் சேர்ந்து சுருங்கும்.

கம்பிகளுக்கு வருகிறேன். இரண்டடுக்கு இறக்கை விமானத்தில் தூண்களுக்கிடையே குறுக்குமறுக்காக ஓடும் கம்பிகள்தான் உண்மையான எலும்புக்கூடு. இழுவையை மட்டுமே தாங்கும் கம்பியும் அழுத்தத்தைத் தாங்கும் மரத்தூணும் சேர்ந்து பாலத்தின் சட்டகத்தைப் போல நிற்கின்றன. பறக்கும்போது இறக்கை மேலே வளைந்துவிடாமல் ஒரு வரிசைக் கம்பிகள் பிடித்துக்கொள்ளும். நிற்கும்போது தொங்கிவிடாமல் எதிர் வரிசை பிடித்துக்கொள்ளும். அசலில் இவற்றை அவிழ்த்தால் இறக்கை நிற்காது. மாதிரியிலோ ஒரு கம்பிகூட இல்லாமல் இறக்கை விறைப்பாக நிற்கும். கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் விளக்கிய உண்மை இது: ஒரு சட்டத்தின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. ஒரே பொருளால் செய்து 72 மடங்கு சுருக்கினால் வலிமை 5,184 மடங்கு குறையும், சுமை 3,73,248 மடங்கு குறையும். ஆக, தன் எடையோடு ஒப்பிட்டால் சின்னது 72 மடங்கு பலசாலி. எறும்பு தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்குவதும் இதே கணக்கால்தான்.

வேலை இல்லாவிட்டாலும் கம்பிகள் இருக்கவேண்டும். எந்தத் தடிமனில் என்பதுதான் சிக்கல். அசலில் 4 மி.மீ. கம்பி என்று வைத்தால் நமக்கு 0.055 மி.மீ. மெல்லிய தலைமுடியின் தடிமன் அது. கடையில் எளிதாகக் கிடைக்கும் நைலான் நரம்பு பெரும்பாலும் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தடிப்பானது. மாட்டிய பிறகு விமானம் கூண்டுக்குள் அடைபட்டதுபோல் தெரியும். எலாஸ்டிக் நூலை இழுத்து மெலியவைத்து ஒட்டுவது நல்ல வழி. ஈரப்பதத்தில் தளராது, விரல் பட்டாலும் மீண்டும் விறைக்கும். இறக்கைத் துணியின் தொய்வும் இப்படித்தான். விலா எலும்புகளுக்கிடையே துணி 5 மி.மீ. குழிந்திருந்தாலும் மாதிரியில் அது 0.07 மி.மீ. அவ்வளவுதான். பல மாதிரிகளில் இறக்கை பசித்த நாயின் விலாவைப்போல வரிவரியாகத் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். பார்ப்பவருக்கு விளங்கவேண்டும் என்று செய்வது. ஆனால் லினன் துணிமேல் பூசிய டோப் என்ற செல்லுலோஸ் கரைசல் காயும்போது சுருங்கித் துணியை முரசுத்தோலாக இழுத்துவிடும். அத்தனை பள்ளம் அங்கே இருந்திருக்கவே முடியாது.

இனி நீர். ஷார்ட் 184-க்கு முன்பக்கம் இரண்டு பெரிய மிதவைகள், தட்டையான அடிப்பாகம் கொண்ட நீண்ட பெட்டிகள். வாலுக்கடியில் ஒரு சிறு மிதவை, அதில் ஒரு நீர்ச்சுக்கான். கீழிறக்கையின் நுனிகளுக்கடியில் காற்றடைத்த பைகள். முன்மிதவைகளை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் நடுவில் மேல்நோக்கி வளைந்து டார்பிடோவுக்கு இடம்விடுகின்றன. ஆர்க்கிமிடீஸ் விதி அளவு பார்ப்பதில்லை. ஆறரை கிராம் மாதிரி ஆறரை மில்லிலிட்டர் நீரை ஒதுக்கும். அசல் 2,433 கிலோ நீரை ஒதுக்கும். எடை சரியாக இருந்தால் நீர்க்கோடும் சரியான இடத்தில் விழும். எனினும் கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. முழு விமானத்துக்கு இந்த வித்தியாசம் ஏறத்தாழ 60 கிலோ, ஒரு மெலிந்த ஆளின் எடை. 1916-இல் மெசபடோமியாவின் கூட் நகரில் முற்றுகைக்குள் சிக்கிய படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்கு உணவு போட ஷார்ட் 184-கள் டைக்ரிஸ் ஆற்றிலிருந்து பறந்தன. கடலுக்காக வரைந்த மிதவைகள் அந்த நன்னீரில் இன்னும் கொஞ்சம் ஆழ அமிழ்ந்திருக்கும். வெப்பத்தால் காற்றும் அடர்த்தி குறைந்து இறக்கைக்கும் எஞ்சினுக்கும் குறைவாகவே உதவியிருக்கும். பட்டினி கிடந்தவர்களுக்கு அது போதவில்லை. ஏப்ரல் 29-இல் கூட் சரணடைந்தது.

எடையைத் துல்லியமாக அமைத்து, குழாய்த் தண்ணீர் நிரம்பிய தட்டில் மாதிரியை வைத்தாலும் நீர்க்கோடு தப்பான இடத்தில் விழக்கூடும். காரணம் பரப்பு இழுவிசை. நீரின் மேற்பரப்பு, தன்னைத் தொடும் விளிம்பில் ஒரு மீட்டருக்கு 0.072 நியூட்டன் விசையைச் செலுத்த வல்லது. மாதிரியின் மிதவைகளைச் சுற்றி நீர்க்கோட்டின் நீளம் மொத்தம் 30 செ.மீ. என்று கொள்வோம். அந்த விளிம்பு தரக்கூடிய உச்ச விசை இரண்டு கிராம் எடைக்குச் சற்று மேல், விமானத்தின் முழு எடையில் மூன்றில் ஒரு பங்கு! இதே கணக்கை அசலுக்குப் போட்டால் வருவது 160 கிராம்கூட இல்லை. 2,433 கிலோவுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? எடை நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது, பரப்பு இழுவிசையோ நீளத்தின் முதல் அடுக்கில்தான் குறைகிறது. அளவு சிறுக்கச் சிறுக்க நீரின் தோல் வலுத்துக்கொண்டே போகிறது.

இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். மிதவைகளின் பக்கங்களில் மெழுகு தடவி மாதிரியை மெல்ல நீரில் வையுங்கள். விளிம்பில் நீர் கீழ்நோக்கி வளைந்து மாதிரியைத் தாங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைத் தட்டின் ஓரத்தில் விடுங்கள். பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே விழும், மாதிரி கொஞ்சம் அமிழ்ந்து தன் உண்மையான நீர்க்கோட்டை நெருங்கும்.

ஓடும்போது என்ன ஆகும்? கப்பலின் மாதிரியை எந்த வேகத்தில் இழுத்தால் அசலின் அலைகள் அதே உருவத்தில் எழும் என்ற கேள்விக்கு வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் விடை கண்டார். 1872-இல் டார்கி நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி மாதிரிகளை இழுத்துச் சோதித்தவர் அவர். வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையவேண்டும். 72-இன் வர்க்கமூலம் சுமார் எட்டரை. அசல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நீரைக் கிழித்தால் மாதிரியை 9.4 கி.மீ. வேகத்தில், அதாவது மெதுவாக ஓடும் மனிதனின் வேகத்தில் இழுக்கவேண்டும். லண்டனை அடுத்த டெடிங்டனில் 1911-இல் அவர் பெயரில் திறந்த தொட்டியில் கடல் விமான மிதவைகளின் மாதிரிகளையும் இப்படி ஓட்டிப் பார்த்தார்கள். தட்டை அடி கொண்ட மிதவை நீரோடு ஒட்டிக்கொள்ளும். பின்பாதியில் உறிஞ்சல் ஏற்பட்டு விமானத்தைக் கிளம்பவிடாது. பின்னாளைய மிதவைகளின் அடியில் ஒரு படி வெட்டியிருப்பார்கள். அந்தப் படியின் பின்னால் காற்று நுழைந்து நீரைப் பிரித்துவிடும்.

அந்தத் தொட்டிகளில் ஓடிய மாதிரிகள் நம்முடையதைவிடப் பலமடங்கு பெரியவை. அதற்கும் காரணம் உண்டு. 1.7 செ.மீ. நீளத்துக்கும் குறைவான அலைகளைப் புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசையே அதிகம் ஆள்கிறது. 72-இல் ஒரு பங்கு உலகில் 1.7 செ.மீ. என்பது அசலின் 1.2 மீட்டர். விமானத்தின் மிதவைகளைச் சுற்றி எழும் அலை, நுரை, தூவானம் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கும். எனவே நம் தட்டில் அவை எவையும் ஒழுங்காகப் பிறக்காது. நீர் துளிகளாக உடையாமல் கெட்டியாக வழியும். பழைய போர்ப்படங்களில் தொட்டியில் மிதக்கும் பொம்மைக் கப்பலைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடுவது இதனால்தான். வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டினால் ஆட்டத்தின் காலம் சரியாகும், அதற்கும் அதே எட்டரை மடங்குதான் கணக்கு. ஆனால் நீர்த்துளியின் அளவை எந்தக் கேமராவாலும் சரிசெய்ய முடியாது. காட்சிக்கு வைக்கும் மாதிரிக்கு ரெசினில் செதுக்கிய கடல், உண்மைத் தண்ணீரைவிட உண்மையாகத் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

நிறம் பற்றிச் சொல்லவேண்டியது புகைப்படங்களிலிருந்து தொடங்குகிறது. அசலில் முழுதாக ஒரு விமானமும் இன்று இல்லை. 1916 மே 31 அன்று ஜட்லாந்து கடற்போரில் ஃப்ரெடரிக் ரட்லண்டும் ட்ரெவினும் ஏறிச்சென்று ஜெர்மானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிய 8359 என்ற விமானத்தின் முன்னுடல் மட்டும் இங்கிலாந்தின் யோவில்டனில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1940-இல் லண்டனில் குண்டுவீச்சிலும் அடிபட்ட எச்சம் அது. எஸ்தோனியாவின் தாலின் நகரில் முழு அளவுப் பிரதி ஒன்று தொங்குகிறது. மற்றபடி நம்பவேண்டியது கறுப்பு வெள்ளைப் படங்களை. அக்காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் படத்தட்டு நீலத்துக்கும் பச்சைக்கும் இசைந்தது, சிவப்பை உணராதது. வட்டச் சின்னத்தின் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதிவாகும். பதனிட்ட லினனின் இளமஞ்சள், கண்ணுக்குத் தெரிந்ததைவிட இருண்டு நிற்கும். படத்தில் கண்ட சாயலை அப்படியே பூசினால் ஒரு வேதியியல் குறைபாட்டைத்தான் வண்ணமாகப் பூசுகிறோம்.

மாதிரிக்கு அசல் நிறத்தைச் சற்று வெளிறச் செய்து பூசவேண்டும் என்று ஒரு மரபு உண்டு. இடையிலுள்ள காற்று நிறத்தை மங்கச்செய்யும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். 30 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கும் மாதிரி, 21.6 மீட்டர் தொலைவில் நிற்கும் அசலுக்குச் சமம். தெளிவான வானிலையில் 21 மீட்டர் காற்று எதையும் மங்கச்செய்யாது. மரபு சரி, காரணம்தான் தவறு. ஒரே நிறம் பெரிய பரப்பில் பிரகாசமாகவும் சிறு பரப்பில் மந்தமாகவும் தோன்றுவது நம் பார்வையின் இயல்பு. வெளிறிய பூச்சு அந்த இழப்பை ஈடுசெய்கிறது.

கடைசியாக, எந்தக் கணத்தை மாதிரியாக்குவது என்று முடிவுசெய்யவேண்டும். 1915 ஆகஸ்ட் 12 காலை என்றால் டார்பிடோ உண்டு, பின்னிருக்கையில் ஆள் இல்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து டார்பிடோவையும் மாட்டுவது அந்த நாளுக்குப் பொருந்தாது. எனக்குப் பிடித்தது ஐந்து நாள் கழித்து நடந்தது. ஆகஸ்ட் 17 அன்று எஞ்சின் கோளாறால் பகைவர் நீரில் இறங்கிய டேக்ர் என்ற விமானி, மிதந்தபடியே விமானத்தை ஓட்டிச்சென்று ஓர் இழுவைப்படகின்மீது டார்பிடோவை விட்டார். 367 கிலோ குறைந்ததும் அதே தளர்ந்த எஞ்சினோடு மீண்டும் எழுந்து பறந்துபோனார். அந்தக் கணத்தைச் செய்வதானால் நீர்க்கோடு மாறும். நீர்மட்டத்தில் மிதவைகள் அடைக்கும் இடம் 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், டார்பிடோ போனதும் விமானம் மூன்றரை செ.மீ.க்குச் சற்று மேலாக உயர்ந்திருக்கும். மாதிரியில் அரை மில்லிமீட்டர். மிதவையின் பக்கத்தில், நீர் தொடும் கோட்டுக்கு மேலே அந்த அரை மில்லிமீட்டருக்கு மட்டும் பளபளக்கும் வார்னிஷ் ஒரு கீற்று தடவவேண்டும். மரம் அங்கே இன்னும் நனைந்திருக்கிறது.